பெர்சிவலுக்கு 3,500 ரூபாய்: காரைக்குடியில் ஒரு பழைய சாமான் கடை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு எனாமல் தூக்குச்சட்டி வாங்கவென்றே போகிறவர்கள் உண்டு, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போய் தூக்குச்சட்டியோடு திரும்புகிறவர்கள் அதைவிட அதிகம். நான் சொல்லப்போகிற கடையிலும் தூக்குச்சட்டி இருக்கிறது. மங்குச் சாமான், பர்மா அரக்குப் பெட்டி, ரவிவர்மா படம், பெல்ஜியம் கண்ணாடி, இடித்த வீட்டுக் கதவு நிலை எல்லாம் அந்தத் தெருவில் மற்ற கடைகளில் கிடைப்பதுபோலத்தான், விலை மட்டும் கொஞ்சம் தூக்கல். அவ்வளவுதான் என்றால் தனியாக எழுத வேண்டியதே இல்லை. பின்கட்டில் மலேயா, சிங்கப்பூரிலிருந்து வந்த சாமான்களுக்கென்று ஓர் அறையை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அதற்காகத்தான் இது. தலைப்பில் இருக்கிற பெர்சிவல் 1942-ல் சிங்கப்பூரை ஜப்பானிடம் ஒப்படைத்த பிரிட்டிஷ் தளபதி, அவர் படம் அங்கேதான் தொங்குகிறது. கடைப் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், எதற்கு வம்பு.

அறை சின்னது, ஒரு டியூப் லைட், மின்விசிறி கிடையாது, சித்திரை வைகாசியில் போனால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. ஆனால் உள்ளே இருப்பது சாதாரணச் சரக்கு இல்லை. கொண்டுவிற்கப் போன, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போன செட்டியார்களின் தகரப் பெட்டிகள், மூடியில் வெள்ளைப் பெயின்டில் விலாசமும் 'சிங்கப்பூர்' என்ற எழுத்தும். சாய்வு மூடி போட்ட கணக்குப் பெட்டிகள், அதில் ஒன்றின் உள் அறையில் இன்னும் மைக்கறை இருக்கிறது. கிட்டங்கியில், அதாவது அவர்கள் தங்கி வட்டித் தொழில் நடத்திய கட்டடத்தில், வரிசையாக உட்கார்ந்து எடுத்துக்கொண்ட குரூப் போட்டோக்கள், யாருடைய குடும்பம் என்று யாருக்கும் தெரியாது, வீட்டைப் பிரித்து விற்கும்போது படங்களையும் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள் போல. அப்புறம் ஒரு ஆல்பம் நிறைய வாழைமர நோட்டு.

வாழைமர நோட்டு தெரியாதவர்களுக்கு: ஜப்பான்காரன் சிங்கப்பூரையும் மலேயாவையும் பிடித்தபின் அடித்துவிட்ட பணம். பத்து டாலர் நோட்டில் வாழைமரம் போட்டிருக்கும், அதனால் அந்தப் பெயர். ஆரம்பத்தில் அச்சிட்டவற்றில் வரிசை எண் இருக்கும், பிறகு அதையும் விட்டுவிட்டு 'எம்' என்று தொடங்கும் எழுத்துகளை மட்டும் அடித்துக் கொட்டினான், விலைவாசி எங்கேயோ போய்விட்டது. 1945-ல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அத்தனையும் செல்லாக் காசு. இந்தக் கடையில் எண் இல்லாத பத்து டாலர் 250 ரூபாய், எண் இருந்தால் 900 ரூபாய், ஆயிரம் டாலர் நோட்டுக்கு வேறு விலை சொல்கிறார்கள். நல்ல நோட்டுதான், நான் பார்த்தவை எல்லாம் அசல் மாதிரியே இருந்தன, தாள் மக்கிய வாசனை உட்பட. இரண்டு வாங்கினேன், 400-க்கு முடிந்தது.

இந்த நோட்டை வேடிக்கைச் சாமானாக வாங்கிப் போகிறவர்களுக்குக் கடைக்காரர் சொல்ல மறப்பது ஒன்று இருக்கிறது. சண்டைக்கு முன்னால் நம் ஆட்கள் மலேயாவில் நல்ல டாலரில் கொடுத்த கடனை, ஜப்பான் காலத்தில் பலபேர் இந்தத் தாளில் திருப்பிக் கட்டிவிட்டுப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வாங்க மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. சண்டை முடிந்தபின் எந்த மாதம் கட்டிய தாளுக்கு எவ்வளவு மதிப்பு என்று விகிதம் போட்டுத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. எங்கள் ஐயா (தாத்தா) சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் அடுத்தாளாக, அதாவது ஏஜெண்டுக்கு உதவியாளாக, இருந்தவர், இந்த நோட்டைப் பார்த்தால் வாய்விட்டுத் திட்டுவார் என்று அப்பச்சி (அப்பா) சொல்லும்.

சரி, பெர்சிவலுக்கு வருகிறேன்.

அறைக்குள் நுழைந்ததும் நேர் எதிரே ஒரு பெரிய பிரேம் மாட்டியிருக்கிறார்கள். 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் சரணடைந்த அன்று புக்கிட் தீமா ரோட்டில் எடுத்த படம். எல்லோரும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். வலது ஓரத்தில் ஒல்லியாக, இரும்புத் தொப்பி, முழங்காலைத் தொடுகிற அகலக் கால்சட்டை, உயரக் காலுறையோடு நடந்து வருகிறவர்தான் லெப்டினன்ட் ஜெனரல் ஆர்தர் பெர்சிவல். நடுவில் ஜப்பான் அதிகாரி ஒருவர். இந்தப் பக்கம் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி யூனியன் ஜாக் கொடியைத் தோளில் சாய்த்திருக்கிறார், மேஜர் வைல்டு என்பவர் வெள்ளைக் கொடி பிடித்திருக்கிறார். காலையிலேயே தூது போனவர்களை, ஜெனரலே நேரில் வரட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், அதனால் சாயங்காலம் இந்த ஊர்வலம். போய்ச் சேர்ந்த இடம் ஃபோர்டு கார் தொழிற்சாலை, இப்போது அது மியூசியம். அங்கே ஜப்பான் தளபதி யமஷிதா மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஆமாவா இல்லையா, அதைச் சொல் என்று நெருக்க, ஆறு மணி சுமாருக்குக் கையெழுத்து. சீனப் புத்தாண்டு அன்று அது.

படத்துக்கு 3,500 கேட்கிறார்கள். "ஒரிஜினல் போட்டோண்ணே" என்றார் கடைக்காரர். கிட்டே போய்ச் சாய்த்துப் பார்த்தால் மைப் புள்ளி தெரிகிறது, பெர்சிவலின் முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறப் புள்ளிக் கூட்டம்தான், இணையத்திலிருந்து இறக்கிப் பெரிதாக்கி அடித்த பிரின்ட். சொன்னேன். "பிரேமு பர்மா தேக்குண்ணே" என்றார். அது உண்மைதான், மூலையில் ஆணி இல்லாமல் கோத்திருக்கிறார்கள், பிரேம் மட்டுமே இரண்டாயிரம் பெறும். படத்தைப் பிரேமுக்காக வாங்கலாம், படத்துக்காக வாங்காதீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது படத்தின் கீழே ஒட்டியிருக்கிற அட்டையைப் பார்த்துத்தான். ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கிறார்கள்: 'சண்டை போடாமல் சிங்கப்பூரைத் தூக்கிக் கொடுத்த கோழைத் தளபதி.' வருகிற டூரிஸ்ட் ஆட்களுக்கு இதையே கதையாகவும் சொல்கிறார், நான் நிற்கும்போதே ஒரு குடும்பத்துக்குச் சொன்னார், எண்பதாயிரம் பேரை வைத்துக்கொண்டு முப்பதாயிரம் பேரிடம் கையைத் தூக்கியவன், பீரங்கியை எல்லாம் கடலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தான், ஜப்பான்காரன் பின்வாசல் வழியாக வந்துவிட்டான் என்று. குழந்தைகள் சிரித்தார்கள். நன்றாகத்தான் சொல்கிறார், கைவீச்சு எல்லாம் பிரமாதம்.

ஆனால் சண்டை போடாமல் என்பது பொய். 1941 டிசம்பர் 8-ல் கோத்தா பாருவில் ஜப்பான் இறங்கியதிலிருந்து எழுபது நாள் சண்டை நடந்தது, மலேயா நெடுக. பீரங்கிக் கதையும் பாதிதான். பெரிய பீரங்கிகளில் பல நிலப்பக்கம் திரும்பின, சுடவும் சுட்டன, வைத்திருந்த குண்டு பெரும்பாலும் கப்பலைத் துளைக்கிற வகை, தரையில் வருகிற காலாட்படைக்கு அதனால் அதிக சேதமில்லை. எண்பதாயிரத்துக்கு முப்பதாயிரம் என்ற கணக்கு ஏறக்குறைய சரி. யமஷிதாவே பிற்பாடு, என் ஆள் குறைவு, குண்டு தீர்ந்துகொண்டிருந்தது, அது ஒரு மிரட்டல், பலித்துவிட்டது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த எண்பதாயிரத்தில் சமையல்காரர், குமாஸ்தா, முந்தைய வாரம் கப்பலிலிருந்து இறங்கியவன், துப்பாக்கியைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத புது ஆள் எல்லாம் சேர்த்தி. மலேயாவின் மூவாரில் ஜனவரியில் நசுங்கிப்போன 45-வது இந்தியப் பிரிகேடில் பாதி பொடியன்கள்.

கடைக்காரரிடம் நான் சொன்னது நம் ஊர்க் கணக்கிலேயே சொன்னேன், அவருக்கும் அதுதான் புரியும். பெர்சிவல் ஒரு ஏஜெண்டு தம்பி. முதலாளி லண்டனில். பவர் எழுதிக் கொடுத்துக் கப்பல் ஏற்றிவிட்டார்கள், கடையை நடத்து, ஐந்தொகையை (இருப்புக் கணக்கை) ஒழுங்காக அனுப்பு என்று. 336 விமானம் இருந்தால்தான் மலேயாவைக் காக்க முடியும் என்று லண்டனே கணக்குப் போட்டிருந்தது, சண்டை தொடங்கிய அன்று இருந்தது 158, அதுவும் வேகத்தில் ஜப்பான் விமானத்துக்கு ஈடாகாத சரக்கு. டாங்கி இல்லை என்றே சொல்லலாம், எதிரியிடம் இருநூறு இருந்தது. நல்ல விமானமும் டாங்கியும் ரஷ்யாவுக்கும் எகிப்துப் பக்கமும் போயின. கப்பல் படையும் வரும் என்றார்கள், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்று இரண்டு பெரிய கப்பல் வந்தன, டிசம்பர் 10-ந் தேதியே இரண்டும் கடலுக்கடியில். முதலீட்டை வேறு ஊர்க் கடைக்குத் திருப்பிவிட்டு, இந்தக் கடை மூழ்கியதும் ஏஜெண்டு சரியில்லை என்று முதலாளி சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா? தேவகோட்டையில் பஞ்சாயத்து வைத்திருந்தால் முதலாளி தலையைத்தான் குனிய வைத்திருப்பார்கள்.

இதில் இன்னொரு கொடுமை. வடக்கே சயாம் (இன்றைய தாய்லாந்து) வழியாக இறங்கி மலேயாவைத் தாண்டித்தான் ஜப்பான் சிங்கப்பூருக்கு வரும் என்று 1937-லேயே எழுதிக் கொடுத்தவர்களில் பெர்சிவலும் ஒருவர், அப்போது அங்கே ஜெனரல் டாபியின் கீழே வேலை பார்த்தார். எழுதிக் கொடுத்த ஆளையே நான்கு வருஷம் கழித்து அதே இடத்துக்குத் தளபதியாக அனுப்பினார்கள், எழுதிக் கொடுத்தபடியே நடந்தது.

அதற்காக ஆளைப் புனிதராக்கவும் நான் தயாரில்லை. இருந்த முதலீட்டை ஒழுங்காகப் போட்டாரா என்று கேட்டால், இல்லை. தலைமை எஞ்சினியர் சிம்சன், சிங்கப்பூர்த் தீவின் வடகரையில் கம்பிவேலி, பதுங்குகுழி, டாங்கித் தடுப்பு எல்லாம் போடுகிறேன், சாமானும் ஆளும் இருக்கிறது என்று கெஞ்சியிருக்கிறார், அதெல்லாம் கட்டினால் படைக்கும் சனத்துக்கும் மனசு விட்டுப்போகும் என்று பெர்சிவல் மறுத்துவிட்டார். இதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு ஜீரணமாகவில்லை. மலேயாவையும் தீவையும் இணைத்த பாலத்தை ஜனவரி 31-ல் உடைத்துவிட்டுத் தீவுக்குள் வந்தபின், எதிரி வடகிழக்கில் இறங்குவான் என்று நினைத்துப் புதிதாக வந்த 18-வது டிவிஷனை அங்கே நிறுத்தினார், மேலதிகாரி வேவல் வடமேற்கைப் பார் என்று சொல்லியும். பிப்ரவரி 8 ராத்திரி ஜப்பான் இறங்கியது வடமேற்கில், மெலிசாகப் பரப்பி வைத்திருந்த ஆஸ்திரேலியர்கள் மேல். முதல் உலகப்போரில் நேரில் நின்று சண்டை போட்டுப் பதக்கம் வாங்கியவர், கோழை என்ற வார்த்தை அவருக்கு ஒட்டாது. மந்தம், பிடிவாதம், ஆட்களை அதட்டி வேலை வாங்கத் தெரியாதவர் என்று எழுதினால் நானே கையெழுத்துப் போடுவேன்.

கடைசி நாள் கதையைத்தான் அட்டையில் எழுத வேண்டும். சர்ச்சில் 10-ந் தேதி தந்தியில், படையைக் காப்பாற்றுவது, சனங்களைக் காப்பாற்றுவது என்ற நினைப்பே வேண்டாம், தளபதிகள் சிப்பாய்களோடு சேர்ந்து சாகட்டும் என்று உத்தரவு போட்டார். அவர் இருந்தது லண்டனில். இங்கே அகதிகளோடு சேர்ந்து பத்து லட்சம் சனம் ஒரு சின்ன ஊருக்குள், நீர்த்தேக்கங்கள் ஜப்பான் கையில், குண்டு விழுந்து ஊருக்குள் குழாய் எல்லாம் உடைந்து தண்ணீர் தெருவில் ஓடுகிறது, ஒன்றிரண்டு நாளைக்குத்தான் தாங்கும். 14-ந் தேதி அலெக்சாண்ட்ரா ஆஸ்பத்திரியில் புகுந்து நோயாளிகளைக் குத்திக் கொன்றிருந்தார்கள். 15 காலையில் ஃபோர்ட் கேனிங் நிலவறையில் கூடிய அதிகாரிகள் எல்லோரும் இனி முடியாது என்றார்கள். இனி பிரயோசனமில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம், முடிவு உன் கையில் என்று வேவலிடமிருந்து அனுமதியும் வந்துவிட்டது. அதாவது சரணடைய மேலிடம் ஒத்துக்கொண்டிருந்தது. இதைப் பாதிப்பேர் சொல்வதே இல்லை. அன்றைக்கு நகரத்துக்குள் இருந்த நம் ஆட்களில் எங்கள் ஐயாவும் ஒருவர், ஆகவே தெருத்தெருவாகச் சண்டை போட்டிருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு நடுநிலையெல்லாம் வராது.

அப்புறம் பழி போடும் படலம். பிரிட்டிஷ் வரலாற்றிலேயே மோசமான பேரழிவு, பெரிய சரணாகதி என்று சர்ச்சில் எழுதினார், நிலப்பக்கம் அரண் இல்லை என்பதே தனக்குத் தெரியாது என்றும் எழுதினார். தெரிந்திருக்க வேண்டியவர் யார் என்று விசாரிக்க ஒரு கமிஷன்? கடைசிவரை போடவில்லை. ஆஸ்திரேலியத் தளபதி கோர்டன் பென்னட், சரணடைந்த அன்று ராத்திரியே படையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் படகு பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தார், முதலில் வரவேற்பு, 1945-ல் விசாரணை, அனுமதி இல்லாமல் போனது சரியில்லை என்று தீர்ப்பு. அவர் இந்தியப் படையைக் குறை சொன்னார், பிரிட்டிஷ்காரர்கள் ஆஸ்திரேலியர்களைக் குறை சொன்னார்கள், ஆஸ்திரேலியர்கள் துப்பாக்கியைப் போட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு ஓடினார்கள் என்று சொல்லும் பழைய அறிக்கை 1993-ல் வெளியே வந்து மறுபடியும் ஒரு ரகளை. இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் பேசாத ஆட்கள் 17-ந் தேதி ஃபேரர் பார்க்கில் நின்றுகொண்டிருந்தார்கள், நாற்பதாயிரத்துக்கு மேல் இந்தியச் சிப்பாய்கள், ஒரு பிரிட்டிஷ் கர்னல் ஜப்பான் மேஜரிடம் அவர்களைச் சரக்கு மாதிரி ஒப்படைத்துவிட்டு நகர்ந்தார். மோகன் சிங் தலைமையில் இந்திய தேசிய ராணுவம் அங்கிருந்துதான் கிளம்பியது. தோட்டத்துத் தமிழர்களை சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிப்போனது அதற்கடுத்த கதை.

பெர்சிவல் மூன்றரை வருஷம் கைதி, சாங்கி, பிறகு ஃபார்மோசா (தைவான்), பிறகு மஞ்சூரியா. 1945 செப்டம்பர் 2-ல் அமெரிக்கப் போர்க்கப்பல் மிசூரியில் ஜப்பான் சரணாகதிக் கையெழுத்துப் போட்டபோது நேச நாட்டுத் தளபதி மெக்ஆர்தர் தன் பின்னால் இரண்டு பேரை நிற்க வைத்தார், பெர்சிவல் ஒருவர், பிலிப்பைன்ஸில் சரணடைந்த அமெரிக்கத் தளபதி வெயின்ரைட் இன்னொருவர். இரண்டு பேருக்கும் பேனா கொடுத்தார். வெயின்ரைட் ஊருக்குப் போனதும் ஊர்வலம், நாட்டின் உச்ச விருது, பதவி உயர்வு. பெர்சிவலுக்கு சர் பட்டம்கூட இல்லை, ஓய்வூதியம் ஒரு படி கீழே மேஜர் ஜெனரல் கணக்கில் போட்டார்கள். இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான். மறுநாள் பிலிப்பைன்ஸில் யமஷிதா சரணடைந்தபோதும் பெர்சிவல் அந்த அறையில் இருந்தார், யமஷிதாவை 1946 பிப்ரவரியில் தூக்கில் போட்டார்கள். பெர்சிவல் மிச்ச காலத்தைப் போர்க்கைதிகள் சங்க வேலையில் கழித்து 1966-ல் இறந்தார்.

இவ்வளவும் கேட்டுவிட்டுக் கடைக்காரர், "அண்ணே, நீங்க சொல்றதெல்லாம் அட்டையில அடங்குமா" என்றார். நியாயம். 'கோழை'யை மட்டுமாவது அடித்துவிடச் சொன்னேன், யோசிக்கிறேன் என்றார், யோசிக்க மாட்டார்.

மற்ற குறைகள். முக்கியமானது, பேரேடுகளைப் பக்கம் பக்கமாக அறுத்து விற்கிறார்கள். மேலே பிள்ளையார் சுழி, சிவமயம், கீழே தமிழ் எண்ணில் வரவு பற்று, பார்க்க அழகாக இருக்கிறது என்று ஹோட்டல்காரர்கள் பிரேம் போட வாங்குகிறார்களாம், தாள் 150 ரூபாய். நான் புரட்டிய ஒன்று விஷு வருஷத்துச் சிங்கப்பூர்க் கணக்கு, அதாவது சண்டை வந்த வருஷம், கார்த்திகை வரைக்கும் ஏற்கனவே அறுத்துவிட்டார்கள், மார்கழியும் தையும்தான் மிச்சம். முழுசாக என்ன விலை என்று கேட்டதற்கு, தாள் கணக்கில்தான் தருவோம் என்றார். இதை எந்தப் பல்கலைக்கழகமாவது வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போனால் நல்லது, அதுவரை அந்த அறுப்பைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள் தம்பி.

பேரம் பேசலாம், எனாமல் சாமானில் கால்வாசி வரை இறங்குகிறார்கள், நோட்டில் அவ்வளவு இறங்க மாட்டார்கள். தகரப் பெட்டி வாங்குகிறவர்கள் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், துருவுக்கு மேல் புதுப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். பேக்கிங் பிரமாதம், கண்ணாடிச் சாமானை வைக்கோலும் பழைய வேட்டித் துணியும் சுற்றித் தருகிறார்கள், சென்னைக்கு லாரி சர்வீஸில் போட்டும் விடுவார்கள், ஜிபே உண்டு, கார்டு கிடையாது. ரசீது கேட்டு வாங்குங்கள், தானாகத் தர மாட்டார்கள். மத்தியானம் ஒன்றரைக்குப் பூட்டிவிட்டு நாலு மணிக்கு மேல்தான் திறக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும். காரைத் தெருவுக்குள் கொண்டுபோகாதீர்கள், திருப்ப இடமில்லை.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். சரக்குக்கு நாலரை, கதைக்கு இரண்டு.